சண்டைக்கு முந்தின வண்டிக்கு ஒரு மெக்கானிக்

"சாமி, அவனும் தேறமாட்டான்," என்றார் தாண்டவராயன்.

குகநாத சாமி முறத்தை மடியில் வைத்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எவன்?"

"நாமக்கல் மெக்கானிக். வாய் நிறைய வெத்தலை. நம்ம வண்டியைப் பத்தி நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவை துப்பிட்டான்."

"வண்டி மேலயா?"

"வண்டி இங்கதானே நிக்குது சாமி. தரையிலதான் துப்பினான்."

"துறையூர்க்காரர் என்ன சொன்னார்?"

"அவர் லாரி வேலை பார்க்கிறவர். பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் இன்ஜின் வச்சுத் தர்றேங்கிறார். குதிரைக்கு வைத்தியம் பாருய்யான்னா, எருமை வாங்கித் தர்றேங்கிறார்."

சாமி ஒரு கடலையை வாயில் போட்டு மென்றார்.

"தகுதியான ஆளாப் பாருங்க."

"அதைத்தான் சாமி தேடுறேன்."

"தகுதின்னா என்ன?"

தாண்டவராயன் இந்தக் கேள்விக்குத் தயாராகவே இருந்தார். விரல் விட்டு எண்ணினார்.

"பழைய வண்டியோட சுபாவம் தெரிஞ்சிருக்கணும். பொறுமை வேணும். கை சுத்தம், வாய் சுத்தம் வேணும். மடத்து வண்டிங்கிற பயபக்தி வேணும்."

"இது அத்தனையும் உள்ள ஆள் யாரையாவது பார்த்திருக்கீங்களா?"

தாண்டவராயன் நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டார்.

ஒரே ஓர் ஆள்தான் அவர் நினைவுக்கு வந்தார். அது அவரேதான்.

*

அது அறுபத்தெட்டாம் வருஷம். பச்சைமலை அடிவாரத்தில், துறையூரிலிருந்து ஏழு மைல் தள்ளி அந்த மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓட்டுக் கட்டடம் ஒன்று, கிணறு ஒன்று, தகரக் கொட்டகை ஒன்று. கொட்டகைக்குள் அந்தக் கார்.

முப்பத்தைந்தில் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த கார். உலக யுத்தத்துக்கு முன்னால் வந்ததால், சண்டைக்கு முந்தின வண்டி என்று ஊரில் சொல்வார்கள். ஒரு ஜமீன் வீட்டு அம்மாள் அதை மடத்துக்குக் கொடுத்தபோது, வண்டியோடு அதன் டிரைவர் தாண்டவராயனும் வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவருக்கு முப்பத்தாறு வயது. சாமிக்கு இருபத்தேழு.

வந்த அன்றே சின்னவரான சாமியின் காலில் விழுந்தார். "எனக்கு ஏதாவது சொல்லுங்க சாமி," என்று கேட்டார்.

"வண்டியைத் துடைச்சு வைங்க," என்றார் சாமி.

பதினேழு வருஷமாகத் துடைத்து வருகிறார்.

ஆற்றங்கரையில் தொழுநோயாளிகள் குடியிருப்பு ஒன்று உண்டு. மடத்திலிருந்து ஆறு மைல். பஸ் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் சாமி அங்கே போவார். புண்ணைக் கழுவி மருந்து கட்டுவார். ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து கதை பேசுவார். கண் போனவர்கள் காரின் ஹாரன் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று தெரிந்துகொள்வார்கள்.

சாமிக்கு இடுப்பில் ஒரு பழைய அடி. அரை மைல் நடந்தால் முகம் வெளுத்துவிடும். வண்டி இருந்தவரை அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் வண்டி நின்றது. இன்ஜினுக்குள்ளிருந்து சம்மட்டி அடிப்பதுபோல ஒரு சத்தம். தாண்டவராயன் கயிறு கட்டி இன்ஜினை இறக்கி, நான்கு நாள் பிரித்துப் பார்த்தார். மூன்றாவது பேரிங் உருகி வழிந்திருந்தது.

அந்தக் காலத்து வண்டியில் பேரிங் கடையில் வாங்கி மாட்டுகிற சாமான் அல்ல. வெள்ளை உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி, மயிரிழை மயிரிழையாகச் சுரண்டிப் பொருத்தவேண்டும். தாண்டவராயன் இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தார். இரண்டு தடவையும் வெடித்துப் போயிற்று.

தனக்கு வராத வேலை ஒன்று அந்த வண்டியில் இருக்கிறது. அதை அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இன்னொருவனுக்கு அது வரும் என்பதை நினைக்கவே முடியவில்லை.

*

மூன்றாவது ஆள் திருச்சியில் இருந்தான். பெயர் லூர்துசாமி. ரயில்வே பட்டறையில் கடைசல் பிடிக்கிற டர்னர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளி வேலை பார்ப்பான். வயது முப்பத்தைந்து இருக்கும்.

தாண்டவராயன் போனபோது அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அடியில் படுத்துப் பாடிக்கொண்டிருந்தான்.

"வாங்கண்ணே. என்ன வண்டி?"

சொன்னார்.

லூர்துசாமி எழுந்து உட்கார்ந்தான். அவன் கண் மின்னியது. "முப்பத்தஞ்சா? இன்னமும் ஓடுதா?"

"போன மாசம் வரைக்கும் ஓடுச்சு."

"என்ன சத்தம் கேட்டுச்சு?"

"டங் டங்குன்னு."

"அப்படி இல்லண்ணே. வண்டி போட்ட மாதிரியே போட்டுக் காட்டுங்க. மேடு ஏறயில எப்படி, இறங்கயில எப்படி."

தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. தாண்டவராயன் கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டார். மேடு ஏறினார். இறங்கினார்.

லூர்துசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"மூணாவது பேரிங்," என்றான். "மத்தது மூணும் தப்பிச்சிருச்சு."

இதைக் கண்டுபிடிக்கத் தாண்டவராயனுக்கு நான்கு நாள் ஆனது.

இன்ஜினை இறக்கிப் பிரித்து, கையால் தடவிப் பார்த்துத்தான் தெரிந்தது. இவன் ஊர்விட்டு ஊர் உட்கார்ந்து, இன்னொருத்தன் வாயிலிருந்து கேட்டுச் சொல்லிவிட்டான்.

"இன்ஜினை யார் இறக்கினது?"

"நான்தான்."

"தூக்குறதுக்குச் சங்கிலி பிளாக் இருக்கா?"

"கயிறும் உத்தரமும்தான்."

"ஒத்தையாவா? பெரிய ஆளுண்ணே நீங்க!"

அவன் மனசாரத்தான் சொன்னான். தாண்டவராயனுக்கு அது யாரோ முதுகில் தட்டிக் கொடுத்ததுபோல இருந்தது. தட்டிக் கொடுக்கிறவன் எப்போதும் ஒரு படி மேலேதானே நிற்கிறான்?

"வர்ற ஞாயித்துக்கிழமை வந்துடட்டுமா?"

"சாமியைக் கேட்டுச் சொல்றேன்."

பஸ் மண்ணச்சநல்லூரைத் தாண்டுவதற்குள் என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டார்.

*

"அவனும் சரியில்லை சாமி."

"பேர் என்ன?"

"யாருக்கு?"

"சரியில்லாதவனுக்கு."

"லூர்துசாமி."

"என்ன குறை?"

தாண்டவராயன் யோசித்தார். வெற்றிலை போடவில்லை. டீசல் இன்ஜின் என்று சொல்லவில்லை. அவசரப்படவில்லை.

"பேச்சு ஜாஸ்தி சாமி."

சாமி தலையாட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்ததும் சாமி மருந்துப் பையைத் தோளில் மாட்டினார். மூலையிலிருந்த கம்பை எடுத்தார். வாசலில் இறங்கி நடந்தார்.

தாண்டவராயன் பதறி ஓடினார். "சாமி, எங்க போறீங்க?"

"ஆத்தங்கரைக்கு."

"ஆறு மைலு!"

"அஞ்சு வாரமாச்சு தாண்டவம்."

தாண்டவராயன் பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தார். முதல் மைல் கல்லில் சாமி உட்கார்ந்தார். இரண்டாவது கல் வருவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தார். நான்காவது மைலில் சாமியின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தாண்டவராயன் அந்தக் கம்பு தரையில் ஊன்றுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தார்.

குடியிருப்பு வாசலில் மாரிமுத்து உட்கார்ந்திருந்தார். கண் தெரியாதவர். காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

"யாரு?"

"நான்தான்," என்றார் சாமி.

மாரிமுத்து விரலில்லாத கைகளைக் குவித்தார்.

"பக்கத்துக் குடிசை நல்லாயி போயிட்டா சாமி," என்றார். "புதன்கிழமை. நாலு வாரமா ஒரே கேள்விதான் கேட்டுக்கிட்டிருந்தா. ஹாரன் சத்தம் கேக்குதா, ஹாரன் சத்தம் கேக்குதான்னு. கேக்குது, கேக்குதுன்னு நாங்களும் பொய் சொன்னோம். வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கதவைப் பார்த்துக்கிட்டே கிடந்தா."

சாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலில் இருந்த பழைய கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

தாண்டவராயன் பையைக் கீழே வைத்தார். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

சாயங்காலம் யாரோ ஒரு மாட்டு வண்டியில் திருப்பி அனுப்பினார்கள். வழியெல்லாம் சாமி கண்ணை மூடியே வந்தார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தாண்டவராயன் திருச்சிக்குப் போனார்.

*

லூர்துசாமி ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். வந்தவன் மடத்துக்குள் போகவில்லை, சாமியைக் கும்பிடவில்லை. நேரே கொட்டகைக்குப் போனான். காரைச் சுற்றி மூன்று தடவை நடந்தான்.

"அடேயப்பா," என்றான். "அடேயப்பா."

சாமி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"நீங்கதான் சாமியா? சும்மா சொல்லக்கூடாது, நல்லா வச்சிருக்கீங்க வண்டியை."

"உட்கார ஏதாவது போடுங்க தாண்டவம்," என்றார் சாமி.

தாண்டவராயன் முக்காலி கொண்டுவந்து போட்டார்.

அன்றைக்கு உட்கார்ந்த சாமி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். லூர்துசாமி பேசிக்கொண்டே வேலை பார்த்தான். வேலை பார்த்துக்கொண்டே பேசினான். பீடி பற்றவைத்தான். சாமி மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அவன் கேட்ட ஸ்பேனரைச் சாமியே எடுத்துக் கொடுத்தார்.

தாண்டவராயன் கிணற்றடியிலிருந்து பார்த்தார். பக்கத்தில் போக மனம் வரவில்லை.

திடீரென்று சாமி சிரித்தார்.

சும்மா புன்னகை இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பதினேழு வருஷத்தில் தாண்டவராயன் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

என்னதான் பேசுகிறார்கள் என்று பார்க்க, ஒரு செம்பில் மோர் எடுத்துக்கொண்டு போனார். அவர் தலையைக் கண்டதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். லூர்துசாமி அவரையே பார்த்தான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

தாண்டவராயன் செம்பை வைத்துவிட்டுத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் சிரிப்பு.

இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசமாக இருந்தது.

"அந்தச் சுத்தியலை எடு லூர்து," என்றார் சாமி. "நீ என்னப்பா சொல்றே? அப்படியா?"

எடு. நீ. சொல்றே.

தாண்டவராயனைச் சாமி ஒரு நாளும் 'நீ' என்று சொன்னதில்லை. பதினேழு வருஷமாக 'வாங்க', 'போங்க', 'துடைங்க'. அதை இத்தனை நாளும் மரியாதை என்று நினைத்திருந்தார். இப்போது அது தூரம் என்று தோன்றியது.

அன்றைக்கு ராச்சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏனென்று சாமி கேட்கவில்லை. அதுவும் அவருக்குக் குறையாக இருந்தது.

*

மூன்றாவது ஞாயிறு பேரிங் தயாரானது.

லூர்துசாமி வெள்ளை உலோகத்தை அன்றைக்கு ஊற்றிய விதத்தைத் தாண்டவராயன் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். உலோகம் ஊற்றுகிற அச்சை அவன் முதலில் சூடு பண்ணினான். அங்கேதான் அவர் தவறியிருக்கிறார். உடனே அது புரிந்தது. புரிந்ததில் சந்தோஷம் இல்லை.

ஆறியதும் லூர்துசாமி, பேரிங் மாட்டுகிற இன்ஜின் தண்டில் நீலச் சாயம் தடவினான். பேரிங்கைப் பொருத்தித் திருப்பினான். எடுத்துப் பார்த்தான். எங்கெங்கே நீலம் ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் மேடு. முக்கோண அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டியால் அந்த மேட்டை மெல்ல வழித்தான். மறுபடி சாயம், மறுபடி திருப்பல், மறுபடி சுரண்டல். நாற்பது தடவை இருக்கும். பேசிக்கொண்டே இருக்கிறவன் அந்த நேரத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் பேரிங் முழுவதும் ஒரே சீராக நீலம் படிந்தது.

"முடிஞ்சுது சாமி," என்றான். "சாப்பிட்டு வந்து மாட்டிடலாம்."

சாமி அவனைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். தன் இலைக்குப் பக்கத்தில் இலை போடச் சொன்னார். தாண்டவராயன்தான் பரிமாறினார். ரசம் ஊற்றிவிட்டு வெளியே வந்தார்.

கொட்டகையில் யாரும் இல்லை.

லூர்துசாமி துணியை விரித்து அதன்மேல் பேரிங்கை வைத்திருந்தான். கைக்குழந்தையைப் படுக்கவைத்ததுபோல வைத்திருந்தான்.

தாண்டவராயன் அதைக் கையில் எடுத்தார். அழகாக இருந்தது. அதில் ஒரு குறையாவது இருக்கும் என்று திருப்பித் திருப்பித் தேடினார். இல்லை.

உள்ளே சாமியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சுரண்டி பக்கத்தில் கிடந்தது. எடுத்தார். முனையை அழுத்தி ஒரே ஒரு கோடு இழுத்தார். குறுக்காக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

பேரிங்கை முன்போலவே துணியில் வைத்தார். கிணற்றடிக்குப் போய் நின்றார்.

லூர்துசாமி கை துடைத்துக்கொண்டே வந்தான். பின்னால் சாமி. அவன் குனிந்தான். நிமிரவில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தடவினான்.

பிறகு தலையைத் தூக்கிக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். கிணற்றடியைப் பார்த்தான். தாண்டவராயனைப் பார்த்தான். அவர் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தான். அதில் நீலம் ஒட்டியிருந்தது.

"என்ன லூர்து?" என்றார் சாமி.

"கை தப்பிருச்சு சாமி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். கடைசியில ஒரு இழுப்பு ஜாஸ்தியா இழுத்துட்டேன். பசியில கவனிக்கல. இதை மாட்டினா எண்ணெய் நிக்காது. முதல்ல இருந்து ஊத்தணும்." சாமான்களைப் பையில் போட்டான். "அடுத்த ஞாயிறு வர்றேன்."

"சரி," என்றார் சாமி.

லூர்துசாமி கிணற்றடிப் பக்கமாக வந்தான். இடுப்பில் சொருகியிருந்த துணியை எடுத்துத் தாண்டவராயனிடம் நீட்டினான்.

"மண்ணெண்ணெய் போட்டுத் துடைங்கண்ணே. சோப்புக்குப் போகாது."

பஸ்ஸுக்கு நடந்து போய்விட்டான்.

*

வெள்ளிக்கிழமைதோறும் நடந்து போனதில், அந்த வாரம் சாமியின் இடுப்பு வீங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை.

"நீங்க மட்டும் போயிட்டு வாங்க," என்றார்.

தாண்டவராயன் தனியாக ஆறு மைல் நடந்தார். அதுவரை அவர் அங்கே புண்ணைத் தொட்டதில்லை. வண்டியைத் துடைத்துக்கொண்டு வெளியேதான் நிற்பார். அன்றைக்கு வேறு ஆள் இல்லை. குந்தி உட்கார்ந்து மாரிமுத்துவின் கட்டைப் பிரித்தார்.

"சாமி வரலியா?"

"அவருக்கு முடியல. வண்டியும் இன்னும் ஆகல."

"யார் பார்க்கிறா வண்டியை?"

"திருச்சி ஆள் ஒருத்தர்."

"வேலை தெரிஞ்சவரா?"

தாண்டவராயன் மருந்துப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை," என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அதுவும் கண் தெரியாத ஒருவரிடம்.

"அப்ப ஓடிரும்," என்றார் மாரிமுத்து.

*

ஞாயிற்றுக்கிழமை தாண்டவராயன் மெயின் ரோட்டுக்கே போய்க் காத்திருந்தார். லூர்துசாமி பஸ்ஸிலிருந்து இறங்கினான். இரண்டு பேரும் மடத்தை நோக்கி நடந்தார்கள்.

பாதி வழியில் தாண்டவராயன் நின்றார்.

"அதைக் கீறினது நான்தான்."

"தெரியும்ணே."

"சாமிகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கீறல் போயிருமா?"

"என்னைக் கேட்டிருக்கலாமே. ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு நாலு வார்த்தை."

லூர்துசாமி பையைத் தோள் மாற்றிக்கொண்டான். "நடங்கண்ணே. வெயில் ஏறுது."

கொட்டகையில் அவன் அச்சைச் சூடு பண்ணினான். வெள்ளை உலோகத்தைக் காய்ச்சினான். ஊற்றினான். ஆறும்வரை பீடி குடித்தான். பிறகு தண்டில் நீலம் தடவி, பேரிங்கைத் திருப்பி எடுத்து, தாண்டவராயன் முன்னால் வைத்தான். சுரண்டியையும் வைத்தான்.

"சுரண்டுங்க."

தாண்டவராயன் ஓர் அடி பின்வாங்கினார். "நானா?"

"நீலம் இருக்கிற இடம். அவ்வளவுதான்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"மறுபடி ஊத்துவோம். எனக்கு அடுத்த ஞாயிறும் லீவுதான்."

சொல்லிவிட்டு வேப்ப மரத்தடிக்குப் போய்த் துண்டை விரித்துப் படுத்தான். அதன் பிறகு கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. சாமி கம்பை ஊன்றி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தாண்டவராயன் சுரண்டியை எடுத்தார். முதல் இழுப்பில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் வெள்ளியைப்போல ஓர் இழை சுருண்டு வந்தது. சாயம். திருப்பல். சுரண்டல். மரத்தடியில் சாமி சிரித்தார். தாண்டவராயனுக்கு அது காதில் விழுந்தது. அடுத்த நீலம் எங்கே என்று பார்த்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் எழுந்து போகவில்லை. அவன் நாற்பது தடவையில் முடித்ததை அவர் தொண்ணூறு தடவையில் முடித்தார்.

லூர்துசாமி வந்து கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். ஓர் இடத்தில் நகத்தால் தொட்டுக் காட்டினான். "இங்க ஒரு துளி." தாண்டவராயன் வழித்தார்.

"மாட்டலாம்," என்றான் லூர்துசாமி.

இருட்டுவதற்கு முன்னால் இன்ஜினை ஏற்றி, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார்கள். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. தையல் மிஷின்போல ஓடியது. லூர்துசாமி கண்ணை மூடிக் கேட்டான். தலையாட்டினான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். போகும்போதும் சாமியைக் கும்பிடவில்லை.

*

தாண்டவராயன் இன்ஜினை நிறுத்தினார். சாமி இன்னும் மரத்தடியில்தான் இருந்தார். அவர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"சாமி, நான் ரெண்டு பொய் சொல்லியிருக்கேன். ஒண்ணு வாயால சொன்னேன், ஒண்ணு சொல்லாம இருந்துட்டேன்."

"ம்."

"அவரைப் பார்த்த அன்னைக்கே அவர்தான் ஆளுன்னு எனக்குத் தெரியும். தகுதியில்லைன்னு சொன்னேன். அப்புறம், அந்தப் பேரிங் அவர் கையில கெடல. நான் கெடுத்தேன்."

"ம்."

"நான் ஒழுங்கா இருந்திருந்தா நல்லாயி உங்களைப் பார்த்திருப்பா."

நடந்தது எப்படியும் நடந்திருக்கும் என்று சாமி சொல்லக்கூடும். விதி என்று சொல்லக்கூடும். அப்படி ஏதாவது சொல்லமாட்டாரா என்று தாண்டவராயன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார் சாமி. "பார்த்திருப்பா."

தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டார். சாமியும் எழுந்து போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சாமி. கேட்டா தப்பா நினைக்கக்கூடாது."

"கேளுங்க."

"நாலு ஞாயிறா அவர்கூட அப்படி என்ன பேசினீங்க? நான் வந்தா மட்டும் நிறுத்தினீங்க. என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சீங்க. வண்டியைப் பத்தி அவ்வளவு பேச என்ன சாமி இருக்கு?"

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர்போலத் தெரிந்தது.

"வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும் தாண்டவம்? அவன் உங்களைப் பத்திதான் கேட்டுக்கிட்டே இருந்தான். கையில ஒரு சாமானும் இல்லாம பதினேழு வருஷம் இந்த மனுஷன் இதை எப்படி ஓட்டினார், சொல்லுங்க சாமின்னு. மழையில வண்டியோட பெல்ட் அறுந்து போய், இடுப்பு பெல்ட்டை அவுத்து இன்ஜினுக்குக் கட்டிட்டு, ஒரு கையால வேட்டியைப் பிடிச்சுக்கிட்டே ஆத்தங்கரை வரைக்கும் ஓட்டினீங்களே, அதை மட்டும் நாலு தடவை சொல்லச் சொன்னான்."